கடைசிப் பாட்டின் கரகரப்பு: ஒரு கார்ட்ரிட்ஜ் மேம்பாட்டின் நிகழ்வு ஆய்வு

வந்த குறை

டர்ன்டேபிளின் உரிமையாளர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். நாள்தோறும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் இசைத்தட்டு கேட்பவர். தட்டுகளைத் தூசி அண்டாமல் வைத்திருப்பவர். அவருடைய குறை ஒன்றுதான். தட்டின் எந்தப் பக்கத்தைப் போட்டாலும் முதல் பாட்டு தெளிவாக இருக்கிறது, கடைசிப் பாட்டுக்கு வரும்போது குரல் கரகரக்கிறது.

"தம்பி, ‘ச’, ‘ஷ’ வரும் இடமெல்லாம் சீறுகிறது. வயலின் மேல் ஸ்தாயிக்குப் போனால் எழுந்து நிறுத்திவிடுகிறேன்" என்றார். அதற்குத் தீர்வையும் அவரே முடிவு செய்து வைத்திருந்தார்: குறைந்த வெளியீடு கொண்ட மூவிங் காயில் (ஊசியோடு சுருள் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ் ஒன்றை, அதாவது ஊசியின் அசைவை மின்சமிக்ஞையாக்கும் பகுதியை, வாங்குவது. அதற்கான பணத்தையும் ஒதுக்கிவிட்டார்.

"ஐயா, வாங்குவதற்கு முன்னால் இருப்பதைப் பார்த்துவிடலாம்" என்று கேட்டுக்கொண்டேன். இப்படிச் சொல்வதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. பக்கத்தின் தொடக்கம் நன்றாக இருந்து முடிவு மட்டும் கெடுகிறது என்றால், நோய் எங்கே இருக்கிறது என்பதைக் கருவி பாதி சொல்லிவிட்டது என்று பொருள். கார்ட்ரிட்ஜின் ஒலித்தன்மை பிடிக்கவில்லை என்றால் அது முதல் பாட்டிலும் பிடிக்காமல்தான் இருக்கும்.

உள் பள்ளத்தில் நடப்பது

நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகம் தட்டு முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் ஊசிக்கு அடியில் பள்ளம் ஓடும் வேகம் ஒன்றல்ல. 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் அது விநாடிக்குச் சுமார் 51 செ.மீ.; இசை முடியும் இடத்தில், அதாவது மையத்திலிருந்து 6 செ.மீ. ஆரத்தில், சுமார் 21 செ.மீ.தான். ஆகவே 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 51 மைக்ரான் நீளத்தில் எழுதப்பட்டிருக்கிறது; உள்ளே அதே அலை 21 மைக்ரானுக்குள் நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது.

இனி ஊசி முனையைப் பாருங்கள். கூம்பு முனையின் ஆரம் பொதுவாக 15 முதல் 18 மைக்ரான். அரை அலை 10 மைக்ரான்தான் இருக்கும் இடத்தில் இந்த முனை எப்படி இறங்கும்? சிறு குழிக்குள் பெரிய சக்கரம் இறங்காமல் மேலேயே உருண்டு போவது போல, அது அலையின் பள்ளங்களைத் தொடாமல் கடந்துவிடுகிறது. அந்தப் பிழைதான் சீறலாகக் கேட்கிறது. நீள்வட்ட முனையில் பக்க ஆரம் 0.3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது ஏறத்தாழ 7.6 மைக்ரான். இன்னும் கூர்மையாகத் தீட்டிய மைக்ரோலீனியர் முனையில் 0.12 மில், ஏறத்தாழ 3 மைக்ரான். இந்த மூன்று எண்களும் நினைவில் இருந்தால் ஊசி வாங்கும்போது விளம்பர வாசகம் எதுவும் தேவைப்படாது.

சோதனையில் கண்டது

கருவி நேரடி மோட்டார் இயக்கம் கொண்டது. எஸ் வடிவ டோன்ஆர்ம் (ஊசியைத் தட்டின் மேல் தாங்கும் கை), அதன் நுனியில் கார்ட்ரிட்ஜைப் பிடிக்கும், கழற்றி மாட்டக்கூடிய ஹெட்ஷெல். கார்ட்ரிட்ஜ் ஆடியோ-டெக்னிக்காவின் ஏடி-விஎம்95ஈ. பச்சை நிற ஊசிப் பகுதியோடு வரும் மூவிங் மேக்னட் (ஊசியோடு காந்தம் அசையும்) வகை, நீள்வட்ட முனை. கார்ட்ரிட்ஜின் மெல்லிய சமிக்ஞையை முதலில் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் தனிப் பெட்டி. மூவிங் மேக்னட்டுக்கு மட்டுமானது.

முதலில் பார்த்தது ஊசியின் வயதை. வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்றார். நாளுக்கு ஒரு மணி நேரம் என்று கொண்டால் ஆயிரம் மணி நேரத்தைத் தொடுகிறது. நீள்வட்ட முனைக்கு ஆடியோ-டெக்னிக்கா சொல்லும் ஆயுள் 300 மணி நேரம். ஆசிரியர் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஊசி உடையும் வரை ஓடும் என்றே அவர் நினைத்திருந்தார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். வைரம் உடைவதில்லை, தேய்கிறது. அந்தத் தேய்மானம் மெதுவாக வருவதால் காது அதற்குப் பழகிப்போகிறது.

ஊசிப் பகுதியைக் கழற்றிக் கணினியில் இணைக்கும் சிறு நுண்ணோக்கியின் கீழ் வைத்தோம். விளக்கைச் சாய்த்துக் காட்டினால் நல்ல முனை வழவழப்பாக ஒளியைச் சிதறவிடும். இதில் முனையின் இருபுறமும் இரண்டு தட்டையான புள்ளிகள் பளிச்சென்று மின்னின. பள்ளச் சுவரில் உராய்ந்து தட்டையான இடங்கள் அவை. அதிலும் தட்டின் மையத்தை நோக்கி இருக்கும் பக்கத்துப் புள்ளி மற்றதைவிடத் தெளிவாகப் பெரிது. இந்த ஏற்றத்தாழ்வு அடுத்த குறையை நேராகக் காட்டிக்கொடுத்தது: ஆன்டி-ஸ்கேட்டிங் குமிழ் பூஜ்யத்தில் இருந்தது.

வளைந்த டோன்ஆர்ம் ஓடும்போது உராய்வினால் உள்நோக்கி இழுபடுகிறது. அதை எதிர்த்துப் பிடிப்பதுதான் ஆன்டி-ஸ்கேட்டிங். பிடிக்காவிட்டால் ஊசி உள் சுவரை அழுத்தித் தேய்க்கிறது, வெளிச் சுவரை முழுதாகப் பற்றுவதில்லை. உள் சுவரில் இடது ஒலித்தடமும் வெளிச் சுவரில் வலது ஒலித்தடமும் எழுதப்பட்டிருப்பதால், வலது ஸ்பீக்கரில்தான் கரகரப்பு முதலில் தெரியும். ஆசிரியரிடம் கேட்டேன், எந்தப் பக்கம் அதிகம் என்று. யோசிக்காமல் வலது என்றார்.

ஊசி பள்ளத்தை அழுத்தும் எடையைப் பார்த்தோம். எதிரெடையின் வளையம் 2.0 கிராம் காட்டியது. சிறு மின்னணுத் தராசு 1.6 காட்டியது. இந்தக் கார்ட்ரிட்ஜுக்கு உரிய எல்லை 1.8 முதல் 2.2 கிராம், பரிந்துரை 2.0. எடையைக் குறைத்தால் தட்டு பிழைக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மை நேர்மாறு. எடை போதாத ஊசி பள்ளத்தில் துள்ளுகிறது. துள்ளி விழும் வைரம் சுவரைச் சிதைக்கிறது. எல்லைக்குள் சற்றே கூடுதலாக வைப்பதுதான் தட்டுக்குப் பாதுகாப்பு.

பிறகு கோணம். தட்டை வெட்டிய தலை நேர்கோட்டில் நகர்ந்தது. நம் டோன்ஆர்ம் ஒரு முனையில் ஊன்றி வில்லாகச் சுழல்கிறது. ஆகவே தட்டு முழுவதிலும் இரண்டே இடங்களில்தான் கார்ட்ரிட்ஜ் பள்ளத்துக்கு நேராக நிற்கும். பேர்வால்ட் என்பவரின் கணக்கின்படி அவை 66 மி.மீ., 120.9 மி.மீ. ஆரங்கள். காகித அளவுகோலை வைத்துப் பார்த்தபோது ஊசி முனை இருக்க வேண்டிய இடத்துக்குச் சுமார் 2 மி.மீ. பின்னால் இருந்தது. கேட்பதற்கு அற்பமாக இருக்கும். ஆனால் அந்த 2 மி.மீ. போதும், உள்பக்கத்து நேர்நிலைப் புள்ளி இசை முடியும் இடத்தையே தாண்டி உள்ளே போய்விடும். இடைப்பட்ட பள்ளமெல்லாம் கூடுதல் கோணப் பிழையோடு வாசிக்கப்படும்.

கடைசியாகக் கண்ணில் பட்டது கேபிள். டர்ன்டேபிள் ஒரு மூலையிலும் ப்ரீஆம்ப் எதிர்ச் சுவர் அலமாரியிலும் இருந்ததால் நடுவில் 3 மீட்டர் கேபிள். இங்கே சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். காசு அதிகம் கேட்காமல் பலன் தருவதும் இதுவே.

விஎம்95 கார்ட்ரிட்ஜின் சுருளுக்கு 550 மில்லிஹென்றி தூண்டல் உண்டு. கேபிளுக்கும் ப்ரீஆம்புக்கும் மின்தேக்கம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் ஓர் அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு எழும். இந்தக் கேபிள் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட், ஆக 300, ப்ரீஆம்பின் உள்ளீட்டில் 150, மொத்தம் 450. கணக்குப் போட்டால் ஒத்ததிர்வு 10 கிலோஹெர்ட்ஸுக்கு அருகில் விழுகிறது. ப்ரீஆம்பின் 47 கிலோஓம் சுமையில் அந்த இடத்தையொட்டி ஏறத்தாழ 3 டெசிபல் மேடு ஒன்று எழுந்து, அதற்கு மேல் ஒலி சரிந்துவிடும். ‘ச’, ‘ஷ’ ஒலிகளின் சக்தி இருப்பதும் அந்த வட்டாரத்தில்தான். ஏற்கெனவே பிழையோடு வரும் சீறலை மின்சுற்று இன்னும் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கார்ட்ரிட்ஜுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் மின்தேக்கச் சுமை 100 முதல் 200 பிக்கோஃபாரட்.

ஊசியைத் தொடாமல் செய்தவை

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் இருக்கும் தவறுகளைத் திருத்திக் கேட்டுவிட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது எவ்வளவு உதவியது என்று பிறகு சொல்லவே முடியாது. தேய்ந்த ஊசி நல்ல தட்டைக் கெடுக்கும் என்பதால், ஏற்கெனவே பாழான ஒரு தட்டை மட்டும் சோதனைக்கு எடுத்துக்கொண்டோம்.

ஹெட்ஷெல்லின் இரண்டு திருகுகளைத் தளர்த்திக் கார்ட்ரிட்ஜை முன்னுக்குத் தள்ளி, அளவுகோலின் இரு புள்ளிகளிலும் நேராக நிறுத்தினோம். விஎம்95இன் உடலிலேயே திருகு மரை இருப்பதால் நட்டைப் பிடித்துக்கொண்டு அல்லாட வேண்டியதில்லை. இந்த ஒரு வசதிக்காகவே புதியவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பேன். எடை 2.0 கிராம். ஆன்டி-ஸ்கேட்டிங் அதற்கு ஏற்ப. ப்ரீஆம்பை டர்ன்டேபிளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, குட்டைக் கேபிள் மாட்டி, ப்ரீஆம்பின் பின்புறத்துச் சுவிட்சைக் குறைந்த மின்தேக்க நிலைக்குத் தள்ளினோம். மொத்தம் 150 பிக்கோஃபாரட் அளவுக்கு வந்தது. ஒத்ததிர்வு 17 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போய்விட்டது, மேடு ஏறக்குறைய மறைந்தது. நீளமான கேபிள் இப்போது ப்ரீஆம்புக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் ஓடுகிறது. அங்கே அதன் நீளம் பொருட்டல்ல.

கேட்டதும் வேறுபாடு தெரிந்தது. வலது பக்கத்தின் கூடுதல் கரகரப்பு போய்விட்டது. முதல் பாட்டுகளில்கூட ஒரு கூர்மை தணிந்து குரல் உடம்போடு நின்றது. கடைசிப் பாட்டில் சீறல் குறைந்தது, ஆனால் மறையவில்லை. மீதமிருப்பது தேய்ந்த முனையின் பங்கும் முனை வடிவத்தின் பங்கும். இனிதான் வாங்குவதைப் பற்றிப் பேச்சு.

எதை வாங்குவது

ஆசிரியரின் முதல் எண்ணமான மூவிங் காயிலை மறுக்கவில்லை. கணக்கில் வைத்துப் பார்த்தோம். அதன் வெளியீடு பொதுவாக 0.2 முதல் 0.5 மில்லிவோல்ட். அவர் கையில் இருப்பது 4 மில்லிவோல்ட் தருகிறது. பத்தில் ஒரு பங்காகக் குறையும் சமிக்ஞையை அவருடைய ப்ரீஆம்ப் போதிய அளவுக்குப் பெருக்காது. வேறு ப்ரீஆம்போ ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரோ வாங்க வேண்டும். அதோடு, அந்த வகையில் பெரும்பாலானவற்றில் ஊசியை நாமே கழற்றி மாற்ற முடியாது. தேய்ந்ததும் முழுக் கார்ட்ரிட்ஜையும் மாற்ற வேண்டும், அல்லது முனை மாற்றித் தருபவரிடம் அனுப்ப வேண்டும். நல்ல மூவிங் காயிலின் ஒலியை நான் நேசிக்கிறேன். ஆனால் இவருடைய குறைக்கு அது மருந்தல்ல. விலை கூடிய மூவிங் காயிலிலும் முனை கூம்பாகவோ சாதாரண நீள்வட்டமாகவோ இருந்தால் கடைசிப் பாட்டு அப்படியேதான் இருக்கும். டெனானின் புகழ்பெற்ற டிஎல்-103 இன்றும் கூம்பு முனையோடுதான் வருகிறது.

ஓர்ட்டோஃபோன் 2எம் ப்ளூவும் பேச்சில் வந்தது. நல்ல கார்ட்ரிட்ஜ், முழு வைரத்தில் செய்த நீள்வட்ட முனை. ஆனால் முழு உடலுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், முனை வடிவமோ மறுபடியும் நீள்வட்டம்.

விஎம்95 வரிசை 2018இல் வந்தது. அதன் சிறப்பு, ஒரே உடலில் கூம்பு முதல் ஷிபாட்டா வரை எந்த ஊசியையும் செருகலாம் என்பது. உடலில் தேய்வதற்கு ஒன்றுமில்லை. சுருள் அப்படியே இருக்கும். ஆகவே கேள்வி, எந்த ஊசி என்பதாகச் சுருங்கியது.

அதே ஈ ஊசியைப் புதிதாக வாங்கினால் மிகக் குறைந்த செலவு. தேய்மானக் கோளாறு தீரும், வடிவத்தின் எல்லை தீராது. அடுத்தது ஈஎன். இதில் முனை முழு வைரம். ஈ ஊசியில் சிறு வைரத் துண்டை உலோகத் தண்டில் ஒட்டியிருப்பார்கள். ஈஎன்னில் அந்த ஒட்டு இல்லாததால் அசையும் நிறை குறைகிறது, சிறு நுணுக்கங்கள் தெளிகின்றன. ஆனால் பக்க ஆரம் அதே 0.3 மில், சொல்லப்படும் ஆயுளும் அதே 300 மணி நேரம். உள் பள்ளத்துக்காகப் பணம் கொடுப்பவர் இதில் நிற்கக் கூடாது என்பது என் கருத்து.

ஷிபாட்டா முனைக்கு ஒரு வரலாறு உண்டு. 1970களில் நான்கு தட ஒலியை ஒரே பள்ளத்தில் அடக்கிய சிடி-4 தட்டுகளுக்காக ஜேவிசி நிறுவனத்தில் உருவானது அது. மனிதக் காதுக்கு எட்டாத 30 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலையையும் (கூடுதல் தடங்களைச் சுமந்து வரும் அலை) படிக்க வேண்டியிருந்ததால் முனையின் பக்கத்தைக் கூர்மையாக்கி, சுவரைத் தொடும் கோட்டை நீளமாக்கினார்கள். விஎம்95 வரிசையில் இந்த முனை கொண்ட எஸ்எச் ஊசியின் அளவு 2.7 × 0.26 மில், ஆயுள் 800 மணி நேரம். எம்எல் எனப்படும் மைக்ரோலீனியர் 2.2 × 0.12 மில், ஆயுள் 1,000 மணி நேரம். பக்க ஆரம் பாதிக்கும் கீழே, ஆயுள் கூடுதல், விலையோ பொதுவாக எஸ்எச்சைவிடக் குறைவு. இந்த வரிசைக்குள் இப்படி ஒரு பொருள் இருக்கும்போது எனக்குத் தயக்கமே இல்லை.

ஆசிரியருக்கு இருந்தது. ஒரு சிறு ஊசிக்கு இவ்வளவா என்றார். பிறகு அவரே ஒரு காகிதத்தை எடுத்தார். "ஆயிரத்தை முந்நூறால் வகுத்தால் மூன்றும் மூன்றில் ஒரு பங்கும். எம்எல் ஊசியின் விலை ஈ ஊசியைப் போல் அத்தனை மடங்குக்குள் இருந்தால், மணிக்கு ஆகும் செலவில் எனக்கு நட்டமில்லை. தாண்டினால், தாண்டிய தொகை மட்டும் நல்ல ஒலிக்கான விலை. சரிதானே தம்பி?" மிகச் சரி. அன்று கேட்ட விலையில் விகிதம் கிட்டத்தட்ட அந்த எல்லையிலேயே நின்றது. ஷிபாட்டாவுக்கு அதே வகுத்தல் 2.67தான் தருகிறது, விலையோ அதைத் தாண்டிப் போனது.

இந்தக் கணக்கில் ஓர் எச்சரிக்கை. ஒரே நிறுவனத்தின் ஊசிகளுக்குள் மட்டுமே இதைப் போட வேண்டும். தங்கள் ஊசிகள் முறையாகப் பராமரித்தால் 1,000 மணி நேரம் வரை தரம் குறையாமல் ஓடும் என்கிறது ஓர்ட்டோஃபோன். நீள்வட்டத்துக்கு 300 என்கிறது ஆடியோ-டெக்னிக்கா. வைரம் ஒன்றுதான், எங்கே கோடு கிழிக்கிறார்கள் என்பதுதான் வேறு. இரண்டு நிறுவனங்களின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது ஏமாற்றத்தில் முடியும்.

டோன்ஆர்மோடு பொருந்துமா என்பதையும் பார்த்தோம், விரைவாக. அந்த டோன்ஆர்மின் செயல்நிறை (அசையும்போது ஊசி உணரும் நிறை) 12 கிராம் அளவு, கார்ட்ரிட்ஜ் 6.1, திருகுகள் ஒன்று; மொத்தம் சுமார் 19. எம்எல் ஊசித் தண்டின் நெகிழ்வு 100 ஹெர்ட்ஸில் 10 என்று தரப்பட்டிருக்கிறது. 10 ஹெர்ட்ஸுக்கு அதை 1.7 மடங்காகக் கொள்ளலாம். நிறை, நெகிழ்வு இரண்டின் பெருக்கத்தின் வர்க்கமூலத்தால் 159ஐ வகுத்தால், கையும் கார்ட்ரிட்ஜும் சேர்ந்து ஒத்ததிரும் அதிர்வெண் கிடைக்கும்: 9 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு. 8 முதல் 12 வரை இருந்தால் நிம்மதி.

மாட்டிய பிறகு

பச்சை ஊசிப் பகுதியை எடுத்துவிட்டு எம்எல்லின் சிவப்பைச் செருகினோம். உடல் நகரவில்லை என்றாலும் எல்லாவற்றையும் மறுபடி அளந்தோம். ஊசிக்கு ஊசி முனையின் இடம் இம்மியளவு மாறும், மைக்ரோலீனியர் அதைப் பொறுக்காது. டோன்ஆர்மின் உயரத்தையும் அப்படியே: பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்து, கை தட்டுக்கு இணையாக வரும்வரை மாற்றினோம். கூர்மையான முனைக்குக் கோணம் தவறினால் கொடுத்த பணத்தின் பாதி வீண்.

வெளியீடு 4.0இலிருந்து 3.5 மில்லிவோல்ட்டாகக் குறைந்தது. ஒரு டெசிபலை ஒட்டிய வேறுபாடு. ஒலி அளவைச் சற்றே ஏற்றிக் கேட்டால் சமம். இதைச் செய்யாமல் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டால் சத்தமாக இருப்பது நன்றாக இருப்பதாகத் தோன்றிவிடும்.

அவர் அதிகம் நேசிக்கும் தட்டின் கடைசிப் பாட்டைப் போட்டார். பெண் குரல், பின்னணியில் வயலின் குழு. ‘ச’ இப்போது ‘ச’வாக வந்தது, நாக்கு பல்லில் படுவது தெரியும் அளவுக்கு. வயலின்கள் மேலே ஏறியபோது ஒரே கீறலாகக் கேட்டது தனித்தனி விற்களாகப் பிரிந்தது. தட்டின் முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் வேறுபாடு இன்னும் இருக்கிறது, தேடினால்தான் தெரிகிறது. பாட்டு முடிந்து ஊசி மையப் பள்ளத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் எழுந்து நிறுத்தவில்லை.

எல்லாத் தட்டுகளும் அப்படி மீளவில்லை. தேய்ந்த ஊசியில் அடிக்கடி ஓடிய சில தட்டுகளில் கரகரப்பு நிரந்தரமாகிவிட்டது. மைக்ரோலீனியர் முனை சுவரில் நீண்ட கோடாகப் படிவதால், பழைய ஊசி தொடாத உயரத்தையும் தொட்டு ஓரளவு மீட்டுத் தருகிறது. சிதைந்துபோன சுவரைத் திரும்பக் கட்டித் தர எந்த ஊசியாலும் ஆகாது. இந்த ஆய்வில் எனக்கு வருத்தம் தந்த பகுதி இதுதான். ஊசியை 300 மணி நேரத்தில் மாற்றியிருந்தால் அந்தத் தட்டுகள் பிழைத்திருக்கும், அவற்றில் சில இனி கிடைக்கப் போவதில்லை.

வேறு கருவி உள்ளவர்களுக்கு

இதே விடையை எல்லாரும் எடுத்துக்கொள்ள முடியாது. ஓர்ட்டோஃபோன் 2எம் ரெட் வைத்திருப்பவர் அதே உடலில் ப்ளூ ஊசியைச் செருகலாம். ப்ரான்ஸும் ப்ளாக்கும் வேறு உடல் கொண்டவை. அந்த ஊசியின் முழுப் பலனை எதிர்பார்ப்பவர் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். எடையையும் கோணத்தையும் மாற்ற வழியில்லாத தொடக்கநிலைக் கருவி என்றால் மைக்ரோலீனியருக்குச் செலவிடாதீர்கள். அதற்குரிய ஊசியைக் காலத்தில் மாற்றிக்கொண்டிருப்பதே போதும். ஷூர் நிறுவனம் 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஷூர் உடல் கையில் இருந்தால், ஜப்பானின் ஜிகோ போன்றோர் செய்யும் மாற்று ஊசிகளை நம்பி வாங்கலாம், மலிவான பெயரற்ற ஊசிகளை வேண்டாம் என்பேன்.

ஆசிரியர் இப்போது தட்டு வைக்கும் அலமாரியின் உள்கதவில் ஒரு தாளை ஒட்டி, கேட்ட ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கோடு போடுகிறார். 800 மணி நேரம் ஆனதும் நுண்ணோக்கியை எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்.